ஒரு இறாத்தல் ஷீட், ஐந்தரை இறாத்தல் அரிசி: 1952 இறப்பர்–அரிசி ஒப்பந்தம்

என் அம்மாயி (அம்மாவின் அம்மா) கேகாலைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பழைய கதை பேசும்போது அடிக்கடி ஒரு வரி சொல்வார்: "சைனாக்காரன் சும்மா குடுத்த அரிசியிலதான்டா உங்கம்மாவ வளத்தேன்."

சின்ன வயசில் அதை அப்படியே நம்பினேன். சீனா நல்ல நாடு, அரிசி தானம் பண்ணியது, அவ்வளவுதான். கொழும்புக்குப் படிக்க வந்த பிறகு பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தைக் காட்டி "இதுவும் சீனா குடுத்தது" என்றார்கள். இரண்டும் மனசில் ஒன்றாகிவிட்டன. மண்டபம் 1973இல் திறக்கப்பட்ட அன்பளிப்பு என்பது உண்மை. அரிசி அன்பளிப்பா?

இல்லை. அதற்கு விலை இருந்தது. அந்த விலையில் ஒரு பகுதியைக் கட்டியதே அம்மாயி மாதிரி ஆட்கள்தான். அவருக்கு மட்டும் அது தெரியாமல் போய்விட்டது. ஆறேழு மாதமாக இது பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

அரிசி இல்லாத தீவு

1950களின் தொடக்கத்தில் இலங்கையின் சனத்தொகை சுமார் 80 லட்சம். சாப்பிடும் அரிசியில் பாதிக்கு மேல் வெளியில் இருந்து வந்தது, முக்கியமாக பர்மாவில் இருந்தும் தாய்லாந்தில் இருந்தும். தேயிலை, இறப்பர், தேங்காய் மூன்றையும் விற்று, அந்தக் காசில் அரிசி வாங்கிச் சாப்பிடும் நாடு. வெள்ளைக்காரன் காலத்தில் அமைந்த ஏற்பாடு, சுதந்திரத்துக்குப் பிறகும் மாறவில்லை.

இரண்டாம் உலகப் போரில் தொடங்கிய கூப்பன் முறையும் தொடர்ந்தது. கூப்பன் அரிசி கொத்து 25 சதம். வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை அரசாங்கம் கட்டியது. சோற்று விலை ஏறினால் ஆட்சி கவிழும் என்பது எல்லா அரசியல்வாதிக்கும் தெரியும்.

1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியது. டயருக்கும் இராணுவ வாகனத்துக்கும் இறப்பர் தேவை என்பதால் விலை ஒரேயடியாக ஏறி, 1951 ஆரம்பத்தில் உச்சத்தைத் தொட்டது. இலங்கைக்குக் கொண்டாட்டம். ஆனால் அது ஒரு வருசம்கூட நிலைக்கவில்லை. அமெரிக்கா செயற்கை இறப்பர் ஆலைகளை முழுமூச்சாக ஓட்டியது, கொள்வனவையும் இறுக்கிப் பிடித்தது. 1952 முடிவதற்குள் விலை உச்சத்தில் இருந்து பாதிக்கும் கீழே போய்விட்டது.

அரிசி எதிர்த் திசையில் போனது. உலகச் சந்தையில் தட்டுப்பாடு. பர்மாவில் உள்நாட்டுச் சண்டை. விலை ஏறிக்கொண்டே இருந்தது. நாம் விற்கிற சாமான் மலிந்து, வாங்குகிற சாமான் விலை ஏறினால் என்ன ஆகும்? மாசச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற எவருக்கும் பதில் தெரியும்.

இந்த நேரம் பார்த்து 1952 மார்ச்சில் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க குதிரையில் இருந்து விழுந்து இறந்துபோனார். மகன் டட்லி சேனாநாயக்க பதவிக்கு வந்தார். மே மாதத் தேர்தலில் வென்றும் விட்டார். வென்றவர் கையில் வந்து சேர்ந்தது காலிப் பானை.

இறப்பர் இல்லாத பெருநாடு

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் பார்ப்போம்.

மக்கள் சீனக் குடியரசு 1949 ஒக்டோபர் 1ஆம் திகதி உருவானது. 1950 ஒக்டோபரில் அதன் படைகள் கொரியப் போரில் இறங்கின. 1951 மே 18ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை, சீனாவுக்குப் போர்த் தேவைக்கான பொருள்களை விற்கக்கூடாது என்று தீர்மானம் போட்டது. ஆயுதம், பெற்றோலியம் வரிசையில் போர்த் தளபாட உற்பத்திக்கு உதவும் பொருள்களும் சேர்ந்ததால் இறப்பர் மாட்டிக்கொண்டது. மலாயா அப்போது பிரித்தானியர் கையில். அங்கிருந்து சீனாவுக்குப் போன இறப்பர் நின்றது.

சீனாவில் அன்று சொல்லிக்கொள்ளும்படி இறப்பர்த் தோட்டம் கிடையாது. இறப்பர் இல்லாமல் லொறி ஓடாது, தொழிற்சாலைப் பட்டி சுற்றாது. அந்தத் தடைக்குக் கட்டுப்படாமல் இறப்பர் விற்கக்கூடிய நாடு எது என்று தேடினால், இலங்கை.

ஏன் இலங்கைக்குக் கட்டுப்பாடு இல்லை? இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பு நாடே இல்லை! சுதந்திரம் கிடைத்ததும் விண்ணப்பித்தார்கள். சோவியத் யூனியன் தன் வீட்டோவைப் போட்டு மறித்துவிட்டது. 1955 டிசம்பரில்தான் உள்ளே போக முடிந்தது. அதாவது, சோவியத் கதவை மூடியதால் வெளியில் நின்ற நாடு, வெளியில் நின்ற ஒரே காரணத்தால் சோவியத்தின் நண்பனுக்கு இறப்பர் விற்க முடிந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல.

சட்டம் கட்டுப்படுத்தாவிட்டாலும் அமெரிக்கா சும்மா இருக்கவில்லை. 1951இல் அங்கே நிறைவேறிய பேட்டில் சட்டம் என்ன சொன்னது என்றால், கம்யூனிச நாடுகளுக்குப் போர்த் தேவைப் பொருள் விற்கும் நாட்டுக்கு அமெரிக்க உதவி கிடையாது. கொழும்பு முதலில் வாஷிங்டனிடம்தான் பேசிப் பார்த்தது. எங்கள் இறப்பரைக் கொஞ்சம் நல்ல விலைக்கு எடுங்கள், அரிசியைக் கட்டுபடியாகும் விலைக்குக் கொடுங்கள் என்பதே கோரிக்கை. இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேல் தர அமெரிக்கா தயாராக இல்லை. பேச்சு முறிந்தது.

பீக்கிங் போன வர்த்தக அமைச்சர்

டட்லியின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க. டட்லியின் பெரியப்பா எஃப்.ஆர். சேனாநாயக்கவின் மகன். 1952 செப்டெம்பரில் அவர் தலைமையில் ஒரு குழு பீக்கிங் போனது. ஒக்டோபர் தொடக்கத்தில் 80,000 தொன் அரிசிக்கு முதல் உடன்பாடு வந்தது. டிசம்பர் 18ஆம் திகதி ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது.

இந்த இடத்தில் இரண்டு நாடுகளின் நிலையையும் யோசித்துப் பாருங்கள். இலங்கையில் ஆட்சியில் இருந்தது ஐக்கிய தேசியக் கட்சி. கம்யூனிச எதிர்ப்பு அவர்கள் அரசியலின் அடிப்படை. திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் பிரித்தானியப் படைத்தளம் இருந்தது. சீனாவை 1950 ஜனவரியிலேயே அங்கீகரித்திருந்தாலும் தூதரகம் கிடையாது, தூதர் கிடையாது. அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. இவ்வளவும் இருந்தும் கையெழுத்துப் போட்டார்கள். கொள்கையை விடப் பானை பெரிசு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒப்பந்தத்தின் உடம்பு மிகச் சின்னது. சீனா வருசத்துக்கு 2,70,000 தொன் அரிசி தர வேண்டும். இலங்கை வருசத்துக்கு 50,000 தொன் ஷீட் இறப்பர் தர வேண்டும். ஐந்து வருசம்.

முதல் வருசமான 1953க்கு அரிசி விலை தொன்னுக்கு 54 பவுண். இறப்பர் விலை இறாத்தலுக்கு 32 பென்ஸ். இரண்டும் கப்பலில் ஏற்றும்வரையான விலை. இறப்பருக்குக் கிடைத்தது சிங்கப்பூர்ச் சந்தை விலையை விடக் கணிசமாக அதிகம்.

இந்த எண்களை நிறைய இடங்களில் படித்திருப்பீர்கள். நான் ஒரு கல்குலேட்டரை எடுத்து வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்த்தேன்.

அரிசி: 2,70,000 தொன் × 54 பவுண் = ஏறக்குறைய 1 கோடியே 46 லட்சம் பவுண்.

இறப்பர்: 50,000 தொன் என்பது சுமார் 11 கோடி இறாத்தல். இறாத்தலுக்கு 32 பென்ஸ், அன்று 240 பென்ஸ் ஒரு பவுண். ஆக ஏறக்குறைய 1 கோடியே 47 லட்சம் பவுண்.

பார்த்தீர்களா? இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்துகிறது. அளவும் விலையும் ஒன்றோடு ஒன்று பார்த்துப் பார்த்து வைத்த மாதிரி இருக்கிறது. அந்நியச் செலாவணி இல்லாத இரண்டு ஏழை நாடுகள், டொலரையோ ஸ்டேர்லிங்கையோ பெரிதாகத் தொடாமல் சாமானுக்குச் சாமான் மாற்றிக்கொண்டன. நிறையில் பார்த்தால் ஒரு இறாத்தல் ஷீட்டுக்கு ஏறக்குறைய ஐந்தரை இறாத்தல் அரிசி. கிராமத்துச் சந்தையில் நெல்லுக்கு உப்பு மாற்றுகிற அதே கணக்கு. இடையில் கடல் மட்டும் இருந்தது.

சீனா கேட்டது ஷீட் இறப்பர் என்பதையும் கவனிக்க வேண்டும். விடியக் காலையில் மரத்தில் பட்டை சீவி, சிரட்டையில் வடியும் பாலைச் சேர்த்து, வடிகட்டி, அசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் பிழிந்து, புகை போட்டுக் காய வைத்தால் வருவது ஷீட். தேன் நிறத்தில் பாய் மாதிரி இருக்கும். இதைச் செய்யப் பெரிய தொழிற்சாலை தேவையில்லை. ஆகவே ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருந்த சிறு தோட்டக்காரர்களுக்கும் இந்த ஒப்பந்தம் நேரடியாகக் கை கொடுத்தது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் இதன் பலனைப் பார்த்த குடும்பங்கள் நிறைய. நாட்டின் மொத்த இறப்பர் உற்பத்தி அன்று ஒரு லட்சம் தொன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதிக்கு நிச்சயமான விலை, ஐந்து வருசத்துக்கு.

அப்படியானால் ஹர்த்தால் ஏன் வந்தது?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டையும் தனித்தனியாகப் படித்தோம். 1952 டிசம்பர்: இறப்பர்–அரிசி ஒப்பந்தம், பெரிய வெற்றி. 1953 ஓகஸ்ட் 12: மாபெரும் ஹர்த்தால், அரிசி விலை ஏற்றத்துக்கு எதிராக. இடையில் எட்டே மாதம்! அரிசி வந்துகொண்டிருக்கும்போது எதற்கு ஹர்த்தால்? யாரும் கேட்கவில்லை, எங்கள் டீச்சரும் சொல்லவில்லை.

மேலே போட்ட கணக்கையே இன்னும் ஒரு படி கொண்டுபோனால் விடை கிடைக்கிறது. அன்று ஒரு பவுண் 13 ரூபா 33 சதம். 54 பவுண் என்றால் 720 ரூபா. ஒரு தொன்னில் 2 இறாத்தல் கொத்தாக 1,100 கொத்து இருக்கும். வகுத்தால், ஒரு கொத்து அரிசி சீனத் துறைமுகத்திலேயே 65 சதம். கப்பல் கூலி, இறக்குக் கூலி, களஞ்சியச் செலவு எல்லாம் அதற்கு மேல். கூப்பன் கடையில் விற்பதோ 25 சதத்துக்கு.

ஒவ்வொரு கொத்துக்கும் அரசாங்கம் 40 சதத்துக்கு மேல் கையில் இருந்து போட்டது. 1953 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் ஜே.ஆர். அந்த மானியத்தை வெட்டினார். கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதமானது. 65க்குப் பக்கத்தில் 70ஐ வைத்துப் பாருங்கள், அந்த எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கூடவே பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தினார்கள். இடதுசாரிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தார்கள். நாடு நின்றது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார்.

எனக்கு இதில் விளங்கியது இதுதான்: ஒப்பந்தம் அரிசி வருவதை உறுதி செய்தது. அது என்ன விலைக்குத் தட்டுக்கு வரும் என்பதை உறுதி செய்யவில்லை. முதலாவது பீக்கிங்கில் தீர்மானமானது, இரண்டாவது கொழும்பில். "சீனா மலிவாகக் கொடுத்தது" என்று சொல்பவர்களும், "ஒப்பந்தத்தால் பயன் இல்லை, ஹர்த்தால் வந்ததே" என்பவர்களும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சீன அரிசி வராமல் இருந்திருந்தால் 70 சதம் கொடுத்தாலும் கடையில் அரிசி இருந்திருக்குமா என்பது இன்னொரு கேள்வி.

தூதர் வருவதற்கு முன் வந்த அரிசி

ஒப்பந்தத்தால் அமெரிக்க உதவி 1956 வரை கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்தடுத்து வந்த எந்த அரசாங்கமும் அதைக் கைவிடவில்லை. சேர் ஜோன் கொத்தலாவல கம்யூனிசத்தைத் திட்டித் தீர்ப்பவர். அவர் காலத்திலும் இறப்பர் போனது, அரிசி வந்தது. 1956இல் பண்டாரநாயக்க வந்தார். 1957 தொடக்கத்தில் சூ என்லாய் இலங்கைக்கு வந்தார். பெப்ரவரி 7ஆம் திகதி முறையான தூதரக உறவு தொடங்கியது. நாலு வருசம் வியாபாரம் நடந்த பிறகுதான் தூதர் வந்தார்! முதலில் தூதுவர், பிறகு வியாபாரம் என்று நாம் நினைக்கும் வரிசை இங்கே தலைகீழ்.

அதே 1957இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. இந்த முறை இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேல் கிடையாது. பதிலாக, பழைய மரங்களை வெட்டிப் புதிது நடுவதற்கு ஐந்து வருசத்தில் ஏழரைக் கோடி ரூபா உதவி. இப்படி ஐந்து வருசத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் புதுப்பித்து 1982 வரை போனது. முடிந்தபோது ஜனாதிபதி நாற்காலியில் இருந்தவர், 1952இல் இதை விரும்பாத அதே ஜே.ஆர்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1959 முதல் 1961 வரை சீனாவில் கொடும் பஞ்சம். கோடிக்கணக்கில் மக்கள் இறந்த காலம். 1959இல் மட்டும் சீன அரசு 40 லட்சம் தொன்னுக்கு மேல் தானியம் ஏற்றுமதி செய்தது. எங்கள் ஒப்பந்தம் அந்த ஆண்டுகளிலும் உயிரோடு இருந்தது. ஒரு அரசு வாக்குக் காப்பாற்றுவது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வாக்கின் விலையை யார் கட்டினார்கள்? அம்மாயி பொங்கிய சோற்றில் எங்கோ ஒரு சீன விவசாயியின் பசியும் இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது, "நட்புறவின் பொற்காலம்" மாதிரியான மேடைப் பேச்சு தொண்டையில் சிக்குகிறது.

சும்மா வந்த அரிசியா?

இப்போது அம்மாயியிடம் திரும்பி வருகிறேன்.

1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் பெரும்பகுதியை நாடற்றவர்களாக்கியது. 1952 டிசம்பரில் பீக்கிங்கில் இலங்கை சார்பில் கையெழுத்துப் போட்டபோது, அந்த 50,000 தொன்னில் ஒரு பங்கை வெட்டிய அம்மாயிக்கு இலங்கை என்ற நாடு சொந்தமில்லை. அதற்கு ஏழு மாதம் முன்பு நடந்த தேர்தலில் வாக்கும் இல்லை. நாட்டின் கையிருப்பைக் காப்பாற்றிய சரக்கு அவர் சிரட்டையில் சேர்ந்தது. அவர் மட்டும் நாட்டின் கணக்கில் இல்லை.

ஒப்பந்தத்தின் நாயகன் ஆர்.ஜி. சேனாநாயக்கவையும் சும்மா புகழ்ந்துவிட்டுப் போக முடியவில்லை. அமெரிக்காவுக்கு வளைந்து கொடுக்காமல் நின்ற துணிச்சல்காரர்தான். 1956 தேர்தலில் இரண்டு தொகுதியில் நின்று இரண்டிலும் வென்றவர், களனியில் தோற்கடித்தது ஜே.ஆரை. அதே மனிதர் பிற்காலத்தில் தீவிர சிங்களத் தேசியவாதியாகி, அதற்கென்று தனிக் கட்சியும் நடத்தினார். பீக்கிங்கில் கொள்கை வேற்றுமையைத் தாண்டி இருபது லட்சம் மூட்டைக்கு மேல் அரிசி பேசத் தெரிந்தவருக்கு, சொந்த நாட்டில் பக்கத்து மொழிக்காரனோடு பேசுவது கஷ்டமாக இருந்திருக்கிறது.

1964 ஒக்டோபரில் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இறப்பர்–அரிசி ஒப்பந்தம் மாதிரியே இதிலும் வட்டமான எண்கள். வித்தியாசம், இந்த முறை சரக்கு மனிதர்கள். அம்மாயியின் இரண்டு தம்பிமார் இராமானுஜம் கப்பலில் ஏறிப் போனார்கள். அம்மாயி இங்கேயே இருந்துவிட்டார்.

2022இல் ஒப்பந்தத்தின் எழுபதாம் ஆண்டை இரண்டு அரசுகளும் நினைவுகூர்ந்தன. இன்று சீனா யுனானிலும் ஹைனானிலும் தானே இறப்பர் நட்டு, இலங்கையை விடப் பல மடங்கு உற்பத்தி செய்கிறது. தடை போட்டவர்கள் சீனாவுக்குச் செய்த உபகாரம் என்றும் அதைச் சொல்லலாம். அன்று இரண்டு பக்கத்துக்கும் தேவை சமமாக இருந்தது, அதனால் கணக்கும் சமமாக வந்தது. இன்று அம்பாந்தோட்டையை 99 வருசக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அதே "பழைய நட்பு" என்று பேசுகிறோம். நம் பக்கத்துச் சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பழைய ஒப்பந்தத்தை உதாரணம் காட்டுவது சரியில்லை.

போன வருசம் ஊருக்குப் போனபோது, நான் போட்ட கணக்கை அம்மாயியிடம் சொன்னேன். "அம்மாயி, அது சும்மா குடுத்த அரிசி இல்ல. ஒரு இறாத்தல் ஷீட்டுக்கு அஞ்சரை இறாத்தல் அரிசி."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நா ஒரு நாளைக்கு எத்தன இறாத்தல் பால் வெட்டிருப்பேன் தெரியுமா? மிச்ச அரிசியெல்லாம் எங்கடா போச்சு?"

அந்தக் கணக்கு எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.